நார்வே லீக்கிலேயே இருப்பதா, சீக்கிரம் வெளியே போவதா?

நார்வே கால்பந்தின் முதல்நிலை லீக்கான எலிட்டசெரியனில் தலைகாட்டத் தொடங்கிய இளம் தடுப்பாட்டக்காரர் எவருக்கும் இந்தக் குழப்பம் வரும்.

ஆடும் வாய்ப்பு
இருந்தால்: 16 அணிகள், 30 சுற்றுகள். இடம் பிடித்துவிட்டால் வாரா வாரம் ஆட்டம்.
போனால்: நார்வே தடுப்பாட்டக்காரர் லியோ ஓஸ்திகோர்டு 18 வயதில் நார்வே கிளப்பான மோல்டேயிலிருந்து இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்புக்குப் போனார். அங்கே ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. செயின்ட் பாலி, கவென்ட்ரி, ஸ்டோக், ஜெனோவா என்று வேறு கிளப்புகளுக்குக் கடனாக (தற்காலிகமாக) ஆட ஊர் ஊராகச் சுற்றினார். ஆனால் 2023-ல் நாப்போலியோடு இத்தாலி சாம்பியன்! அந்த நாலு ஊர் அலைச்சலும் ஒருவகைப் படிப்புதான்.

சம்பளம்
போனால்தான் அதிகம். இதில் பேச ஒன்றுமில்லை.

உடம்பு
இருந்தால்: பல மைதானங்களில் செயற்கைப் புல். பூடோ நகரின் ஆஸ்ப்மீரா மைதானமும் அப்படித்தான். சறுக்கிப் பந்தைப் பறித்தால் தொடைத் தோல் உரியும். பந்தும் வேகமாக ஓடும்.
போனால்: பெரும்பாலும் இயற்கைப் புல்.

கோப்பை
இருந்தால்: நார்வே தடுப்பாட்டக்காரர் தூரே ரெகினியுசென் 2010-ல் ஜெர்மனியின் ஷால்கே கிளப்புக்குப் போனார், அங்கே நிலைக்கவில்லை. அப்புறம் நார்வே கிளப்பான ரூசன்போர்க்கில் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நாலு லீக் பட்டம். ஐரோப்பிய ஆட்டத்துக்கும் இப்போது ஊரை விட வேண்டியதில்லை. பூடோவின் கிளப்பான பூடோ கிளிம்ட் 2025-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் போட்டியில் அரையிறுதி வரை போனது.

என்னைக் கேட்டால், தடுப்பு வரிசையின் நடுவில் ஆடுபவர் இரண்டு முழுப் பருவம் ஆடிவிட்டுப் போகட்டும். பெஞ்சில் உட்காரப் பொறுமை உள்ளவர் மட்டும் 18-லேயே கிளம்பலாம்.