தொழில் சங்கத்தின் பசுமைத் தொழில்நுட்ப உதவி மையம்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

எங்களுடையது சின்ன உலோக உதிரிபாகத் தொழிற்சாலை. பிரஸ், லேத், அப்புறம் துத்தநாக முலாம் பூசும் பிரிவு ஒன்று. சங்கத்தில் உறுப்பினராகிப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் அவர்கள் நடத்தும் பசுமைத் தொழில்நுட்ப உதவி மையத்தைக் கடந்த மூன்று வருடமாகத்தான் பயன்படுத்துகிறோம். சந்தா கட்டுவது வீணா, இல்லையா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பதில்: வீணில்லை. ஆனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியாவிட்டால் கருத்தரங்கு பையும் பேனாவும்தான் மிஞ்சும்.

முதல் வருடம் எங்களுக்கு அப்படித்தான் போனது. நான்கு கூட்டங்களுக்குப் போனேன். நான்கிலும் பேசியவர்கள் இயந்திரம் விற்கிறவர்கள். சோலார் பேனல், புதிய கம்ப்ரசர், எல்லாவற்றையும் இணையத்தில் இணைக்கும் சென்சார் என்று ஆளுக்கொன்று காட்டினார்கள். எல்லாம் நல்ல பொருளாகவே இருக்கலாம், ஆனால் என் தொழிற்சாலையில் மின்சாரம் எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியாதபோது எதை வாங்கச் சொல்கிறார்கள்? எனக்கு அப்போது நிஜமாகவே கோபம் வந்தது. சந்தாவை நிறுத்திவிடலாம் என்று என் தம்பியிடம் சொன்னேன்.

நிறுத்தாததற்குக் காரணம் ஒரு கருவி. காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் டிடெக்டர் ஒன்றைச் சங்கம் வாங்கி வைத்திருந்தது. உறுப்பினர்களுக்கு இரவல் தருவார்கள், கூடவே அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு பொறியாளரும் வருவார். வருடத்துக்கு ஒரு முறை தேவைப்படும் பொருளைத் தனியாக வாங்க எந்தச் சிறு தொழிற்சாலையும் முன்வராது.

அவர் வந்து கருவியை எடுப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்தார். விடுமுறை நாளில் மெஷின் எதையும் ஓட்டாமல் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அழுத்தியபடி) இருக்கிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் (சும்மா சுற்றியபடி) இருக்கிறது என்று வாட்சைப் பார்த்துக் குறித்தார். காற்றை யாரும் பயன்படுத்தாதபோது கம்ப்ரசர் லோடில் ஓடினால் அது முழுக்கக் கசிவுக்காக ஓடுகிறது, அவ்வளவுதான் கணக்கு. எங்களுக்குப் பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் வந்தது. அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் 35 சதவீதம் ஓட்டைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. பராமரிப்பு இல்லாத இடங்களில் 20 முதல் 30 சதவீதம் சாதாரணம் என்றார், நாங்கள் அதையும் தாண்டியிருந்தோம். கப்ளிங், பழைய ஹோஸ், மூடாமல் விட்ட வால்வு என்று இரண்டு வாரம் அடைத்த பிறகு 11க்கு இறங்கியது. புதிய இயந்திரம் ஒன்றுகூட வாங்கவில்லை.

அடுத்து காற்றின் அழுத்தம், அதை 'பார்' என்ற அளவில் சொல்வோம். கடைசி மூலையில் இருக்கும் ஒரு மெஷினுக்குக் காற்று பற்றவில்லை என்று வருடக்கணக்கில் மொத்தத்தையும் 8 பாருக்கு மேலேயே வைத்திருந்தோம். காரணம் அந்த மெஷினுக்குப் போகும் குழாய் மெலிசாக இருந்ததுதான். அதை மாற்றிவிட்டு ஒரு பார் குறைத்தோம். பொதுவாக ஒரு பாருக்குக் கம்ப்ரசரின் மின்சாரம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது, இந்தச் சேவையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, எரிசக்திக் குழு. பன்னிரண்டு தொழிற்சாலைகளைச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் இடத்தில் கூடுகிறோம், கணக்கை நடுவில் வைத்துப் பேசுகிறோம். இந்த முறை 1987ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பகுதியில் தொடங்கியது. பிறகு ஜெர்மனியில் தொழில் சங்கங்களே அரசோடு சேர்ந்து 2014ல் இதைப் பெரிய திட்டமாக ஆக்கின. ஏன் வேலை செய்கிறது என்பது முதல் கூட்டத்திலேயே புரிந்தது. விற்பனையாளர் சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆலோசகர் சொன்னால் பாதி நம்புவேன். என்னைப் போலவே பழைய கட்டடமும் பழைய மோட்டார்களும் வைத்திருக்கிற ஒருவர், "கூலிங் டவர் ஃபேனுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டேன், வேகத்தை 20 சதவீதம் குறைத்தேன், மின்சாரம் பாதியானது" என்று பில்லோடு காட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவேன். (ஃபேன் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் மாறும். 0.8ஐ மூன்று முறை பெருக்கினால் 0.51 என்று அவரே போர்டில் எழுதிக் காட்டினார்.) பணம் போட்டு ஏமாந்தவர்களும் அங்கே பேசுவார்கள், அதை வேறு எங்கேயும் கேட்க முடியாது. ஒரே வாடிக்கையாளருக்குப் போட்டி போடும் இருவரை ஒரே குழுவில் போடக்கூடாது என்பதில் சங்கம் கவனமாக இருந்தது. விலையைப் பற்றிப் பேசவே கூடாது என்பதும் விதி.

முலாம் பிரிவுக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையான மாற்றம் அங்கேதான் நடந்தது. பொருளைக் குளியலிலிருந்து (முலாம் கரைசல் தொட்டி) தூக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ரசாயனத்தை அலசித் தள்ளத்தான் இவ்வளவு தண்ணீர். ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டும் என்றால், ஒட்டி வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரே தொட்டியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதையே இரண்டு தொட்டியாக்கி, தண்ணீரைப் பொருளுக்கு எதிர்த்திசையில் ஓடவிட்டால் 32 லிட்டர் போதும், மூன்று தொட்டி என்றால் 10. பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான், ஆனால் எங்கள் பட்டறையில் யாரும் அதைச் செய்யவில்லை, இடமில்லை என்று நினைத்தோம். மையத்தின் ஆள் வந்து டேப் பிடித்து அளந்து, பழைய தொட்டியின் நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் போதும் என்று காட்டினார். கூடவே, தூக்கிய பொருளைக் குளியலின் மேலேயே சில விநாடி சொட்டவிடச் சொன்னார். கழிவுநீர் குறைந்தது, ரசாயனச் செலவும் குறைந்தது.

குரோமியம் விஷயம் இன்னும் கஷ்டம். துத்தநாகம் அரிக்காமல் இருக்க அதன் மேல் போடும் பழைய வகை மஞ்சள் பாசிவேஷன் பூச்சில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும், அது புற்றுநோய் வரவைக்கும் பொருள். மின்னணுப் பொருட்களில் அதைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006லேயே வந்துவிட்டது. மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறலாம், ஆனால் நிறம் பெரும்பாலும் வெள்ளை கலந்த நீலமாக வரும். எங்கள் வாடிக்கையாளரின் வரைபடத்தில் "மஞ்சள்" என்று எழுதியிருக்கிறது, நிறம் மாறினால் தரக்குறைவு என்று திருப்பி அனுப்புவார். தனியாக நான் போய் வரைபடத்தை மாற்றுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? சங்கம் அதைச் செய்தது. பதினோரு முலாம் பட்டறைகளின் மாதிரிகளைத் தன் பொது ஆய்வகத்தில் உப்புப் புகைச் சோதனையில் (பூச்சு எவ்வளவு அரிப்பைத் தாங்கும் என்று பார்ப்பது) வைத்து, முடிவுகளோடு வாடிக்கையாளர்களை மொத்தமாகக் கூப்பிட்டுப் பேசியது. எட்டு மாதம் ஆனது. இன்று எங்கள் குளியல் பக்கம் நிற்கிற தொழிலாளி பழைய மஞ்சள் கரைசலின் ஆவியைச் சுவாசிப்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் சந்தாவைத் தொடர்ந்து கட்டுவேன்.

கார்பன் கணக்கு உதவி பரவாயில்லை ரகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் விதியில் (இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குக் கணக்குக் கேட்கும் விதி) 2023 அக்டோபரிலிருந்து அறிக்கை கேட்கத் தொடங்கினார்கள், எஃகு போல்ட், நட், ஸ்க்ரூவும் அதில் அடக்கம். ஆளுக்கொரு வாடிக்கையாளர் ஆளுக்கொரு படிவம் அனுப்பிக்கொண்டிருந்தபோது சங்கம் ஒரே எக்செல் தாள் செய்து கொடுத்தது. தாள் நன்றாக இருக்கிறது. சந்தேகம் கேட்டால் பதில் வர மூன்று வாரம்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. கருவிக்கும் பொறியாளருக்கும் காத்திருக்க வேண்டும், எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது, பெரிய உறுப்பினர்கள் முன்னால் போகிறார்கள் என்பது என் கண்ணால் பார்த்தது. வருடா வருடம் பசுமை விருது கொடுக்கிறார்கள், ஆனால் மீட்டர் ரீடிங்கை யாரும் கேட்பதில்லை, விண்ணப்பத்தில் எழுதியதுதான் ஆதாரம். இது சின்ன விஷயமில்லை. வேதித் தொழில் சங்கங்களின் "ரெஸ்பான்சிபிள் கேர்" திட்டம் 1985ல் கனடாவில் தொடங்கியது. அமெரிக்காவில் அதில் சேர்ந்த நிறுவனங்கள் சேராதவர்களைவிட மெதுவாகத்தான் மாசைக் குறைத்தன என்று 2000ல் கிங், லெனாக்ஸ் என்ற இருவரின் ஆய்வு காட்டியது. அப்போது சரிபார்க்க வெளியாள் யாரும் இல்லை. பிறகுதான் அங்கே வெளியாள் சான்று கட்டாயமானது. பிரிட்டனிலோ 2001லிருந்து ஒவ்வொரு துறைச் சங்கமும் அரசோடு எரிசக்தி இலக்கு ஒப்புக்கொள்கிறது, இலக்கை எட்டினால்தான், அல்லது குறைந்த அளவுக்குப் பணம் கட்டினால்தான், உறுப்பினருக்கு எரிசக்தி வரித் தள்ளுபடி தொடரும். அப்படி ஏதாவது ஒரு பிடி எங்கள் சங்கத்திலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. விருது கொடுத்த அதே மாதம், கழிவுநீர் விதியை இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடச் சொல்லி அதே சங்கம் மனு கொடுத்தது. மாறிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு அது நியாயமாகப் படவில்லை, பொதுக்குழுவில் எழுந்து சொன்னேன்.

உங்கள் சங்கத்தில் சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இரவல் தரும் அளவுக்கருவி என்னென்ன இருக்கிறது, கடைசியாக எரிசக்தி ஆடிட் முடித்த உறுப்பினர் ஒருவரின் தொழிற்சாலையைப் பார்க்க முடியுமா, கூட்டத்தில் பேசுகிறவருக்கு யார் பணம் தருகிறார்கள். ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றால் இந்தச் சேவை கட்டாயம் உதவும். சொந்தமாக எரிசக்தி மேலாளர் வைத்திருந்து ஐஎஸ்ஓ 50001 என்ற எரிசக்தி மேலாண்மைச் சான்றும் வாங்கிவிட்ட பெரிய தொழிற்சாலைக்கு எரிசக்திக் குழு ஒன்றே போதும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மீட்டர் ரீடிங் கேட்க ஆரம்பித்தால் நான்கரை.