ஜெரெஷ்க்கா, கிரான்பெரியா, ஊசிக்களாவா: எந்தப் புளிப்பு எதற்கு?

ஜெரெஷ்க் போலோ செய்யப் போகிறேன், பார்பெரி கிடைக்கவில்லை, கிரான்பெரி போட்டால் சரியாக வருமா என்று தெரிந்தவர்களில் நான்கைந்து பேராவது கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வராது. ஏன் வராது, வேறு எது ஓரளவு கைகொடுக்கும், பார்பெரி என்ற பெயரில் விற்பதில் எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம் என்பதெல்லாம் கீழே.

இதுவரை சாப்பிட்டிராதவர்களுக்காகக் கொஞ்சம்: ஜெரெஷ்க் போலோ ஈரானியர்களின் விருந்துச் சோறு. அரிசியை முக்கால் பதம் வடித்து, தம்மில் போட்டு, உதிரி உதிரியாக எடுத்து, அதில் ஒரு பங்கைக் குங்குமப்பூத் தண்ணீரில் மஞ்சளாக்கி, மேலே வெண்ணெயில் புரட்டிய சின்னச் சின்னச் சிவப்புப் பழங்களைத் தூவி, கோழியோடு பரிமாறுவார்கள். அந்தச் சிவப்புப் பழம்தான் ஜெரெஷ்க், அதாவது பார்பெரி. காய்ந்த திராட்சையில் பாதி அளவுகூட இருக்காது. ஆனால் பல்லில் பட்டதும் கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு. அந்தப் புளிப்பில் பெரும்பங்கு மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் இருக்கிறதே, அதே அமிலம். வெண்ணெயும் கோழிக் கொழுப்பும் குங்குமப்பூவும் சேர்ந்து நாக்கில் படிந்து கிடக்கும்போது நடுநடுவே இது ஒன்று வெடித்தால்தான் அடுத்த வாய்க்குக் கை போகும். இல்லாவிட்டால் நாலு வாயில் திகட்டிவிடும்.

கிரான்பெரி தோற்பது இந்த இடத்தில்தான். காய்ந்த கிரான்பெரி என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் காயவைத்தது, பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள், 100 கிராமில் 70 கிராம் பக்கம் சர்க்கரை இருக்கும். சோற்றில் போட்டால் கிடைப்பது இனிப்பான, மெல்ல வேண்டிய, கொஞ்சம் பிசுபிசுப்பான ஒரு பழம். அளவும் பெரிது. ஜெரெஷ்க் ஒரு கரண்டிச் சோற்றில் பதினைந்து இருபது இடங்களில் புளிக்கும், கிரான்பெரி மூன்று இடத்தில் இனிக்கும். ஜெரெஷ்க்கிலும் சர்க்கரை சேர்ப்பார்கள்தான், ஆனால் அது வாணலியில் நாம் போடும் ஒரு ஸ்பூன், கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில் இருக்கிறது. பாகில் ஊறிய பழத்திலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுக்க முடியாது. கேக்கிலும் பிஸ்கட்டிலும் கிரான்பெரி எனக்கும் பிடிக்கும். இந்தச் சோற்றுக்கு மட்டும் வேண்டாம்.

மற்றவற்றையும் பார்த்துவிடலாம். மேற்காசியச் சமையலில் தூவும் சுமாக் என்ற காய்ந்த பழம் நல்ல புளிப்பு, ஆனால் தூள், கடிக்க ஒன்றும் இருக்காது. மாதுளை விதையைக் காயவைத்த அனார்தானாவில் புளிப்பு உண்டு, ஆனால் கொட்டை பல்லில் நெருடும், நெய்ச்சோற்றில் அது எனக்குப் பிடிக்கவில்லை. புளிப்புச் செர்ரி போட்டால் பிரமாதமாக இருக்கும், ஆனால் ஈரானில் அதற்கு ஆல்பாலு போலோ என்று தனிச் சோறே இருக்கிறது, அது வேறு ருசி. கடைசியாகச் சின்னக் கறுப்புத் திராட்சை, கொரிந்து திராட்சை என்பார்களே, அதை எலுமிச்சைச் சாற்றில் கால் மணி நேரம் ஊறப்போட்டு வதக்கினால் அளவும் புளிப்பும் ஜெரெஷ்க்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, நிறம் மட்டும் வராது. மாற்று கட்டாயம் வேண்டும் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

நம் ஊர்க் களாக்காய்? புளிப்பில் அது ஜெரெஷ்க்குக்குச் சளைத்ததில்லை. ஆனால் பச்சையாக இருக்கும்போது பால் வடியும், ஊறுகாய்க்குத்தான் லாயக்கு. காயவைத்த களா கடைகளில் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை. பேக்கரிகளில் செர்ரி என்று கேக் மேல் வைக்கிறார்களே, அதில் பெருமளவு பாகில் போட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றிய களாக்காய்தான், அதை எடுத்துப் போலோவில் போட்டுவிடாதீர்கள். நன்றாகப் பழுத்த களாவை நறுக்கி, கொட்டை நீக்கி, வெயிலில் சுருள வைத்து ஒருமுறை முயன்றேன். ருசி நன்றாகவே இருந்தது, சோறு முழுக்க ஊதா நிறமாகிவிட்டது.

சரி, ஜெரெஷ்க் கிடைக்கும் ஊரில் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நான் இருப்பது டொராண்டோவில், யங் தெருவின் வடபகுதியில் வரிசையாக ஈரானியக் கடைகள் இருக்கின்றன, அங்கே பல வகைப் பாக்கெட்டுகள் தொங்கும். விலை வித்தியாசம் பெரிதாக இருக்கிறதே என்று முதலில் எனக்குக் குழப்பம், அப்புறம்தான் காயவைக்கும் முறையில் விஷயம் இருப்பது தெரிந்தது. ஈரானின் ஜெரெஷ்க்கில் பெரும்பகுதி கிழக்கே தெற்கு கொராசான் மாகாணத்தில், பீர்ஜந்த், காயென் வட்டாரங்களில் விளைகிறது. குங்குமப்பூவும் அதே மண்தான், ஒரே தட்டில் இரண்டும் சேர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அங்கே வளர்ப்பது விதையில்லாத வகை. விதை இல்லாததால் வேரடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டுத்தான் பெருக்குகிறார்கள். இலையுதிர் காலத்தில் பழம் பழுக்கும். செடி முழுக்க முள், கையால் ஒவ்வொன்றாகப் பறிப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் கிளையோடு வெட்டி நிழலில் அடுக்கி மாதக்கணக்கில் காயவிடுவது ஒரு முறை, தடியால் தட்டி உதிர்த்து வெயிலில் பரப்பிக் காயவைப்பது இன்னொரு முறை. முதலாவது போஃபகி: உப்பலாக, பளிச்சென்ற சிவப்பில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும், விலையும் அதிகம். இரண்டாவது அனாரி: அடிபட்டுச் சாறு கசிந்து, தட்டையாக, கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

சோற்றின் மேல் தூவுவதற்கு போஃபகிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாறு எடுக்க, ஜாம் காய்ச்ச, ஆட்டுக்கறிக் குழம்பில் சேர்க்க அனாரி போதும், நிறம் கரைந்து போகிற இடத்தில் கூடுதல் காசு எதற்கு? எதை வாங்கினாலும் பழுப்பேறியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், பழசு. வீட்டில் ஃப்ரீஸரில் வைத்தால் நிறம் மங்காது. சமைக்கும் முன் காம்பையும் முள்ளையும் பொறுக்கிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள், மண் அடியில் தங்கும், பழத்தை மேலாக அள்ளி எடுக்க வேண்டும், மொத்தமாக வடிகட்டியில் கொட்டினால் மண்ணும் கூடவே வரும். வெண்ணெயில் சிறு தீயில் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. கொஞ்சம் அசந்தாலும் கருகிக் கசந்துவிடும், அப்படி ஒரு பிடியை முழுசாக நான் குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

இவ்வளவு பிடித்திருக்கிறதே, வீட்டுக்குப் பின்னால் ஒரு செடி வைத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. கனடாவில் அது முடியாது. காரணம் கோதுமை. பார்பெரியின் இலை, கோதுமைத் தண்டைத் துருப்பிடித்தது போல் ஆக்கும் பூஞ்சைக்கு இன்னொரு வீடு. கோதுமையில் ஒரு பருவம், பார்பெரி இலையில் ஒரு பருவம் என்று மாறி மாறி வாழ்கிறது, பார்பெரியில் இருக்கும்போதுதான் அதன் பாலினப்பெருக்கம் நடந்து புதுப்புது வகைகள் பிறக்கின்றன. விவசாயிகள் இதை அறிவியலுக்கு முன்பே கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிரான்சின் ரூவான் வட்டாரத்தில் 1660-லேயே செடியை அழிக்கச் சொல்லிச் சட்டம் வந்தது, அமெரிக்காவில் கனெக்டிகட்டில் 1726-ல் வந்தது. ஜெர்மானிய அறிவியலாளர் ஆன்டன் டி பாரி அதைச் சோதித்து நிரூபித்தது 1865-ல்தான். 1916-ல் துருநோய் பெரிதாகத் தாக்கிய பிறகு, 1918-ல் அமெரிக்க அரசு கோதுமை மாநிலங்களில் செடியை வேரோடு ஒழிக்கக் கிளம்பியது. பள்ளிப் பிள்ளைகளைக்கூடத் தேட அனுப்பினார்கள், கல் உப்பையும் மண்ணெண்ணெயையும் வேரில் கொட்டினார்கள், கோடிக்கணக்கில் செடிகள் போயின. ரூவான் நகரம் பார்பெரி ஜாமுக்கும் பேர்போனது என்பதைப் படித்தபோது மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது. ஆனாலும் ஒரு வட்டாரத்தின் ரொட்டியா என் வீட்டு ஜாமா என்றால் ரொட்டி பக்கம்தான் நான் நிற்பேன். தடை சரியானது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் நர்சரிகளில் பார்பெரி விற்கிறார்களே என்பீர்கள். அது ஜப்பான் பார்பெரி, வேறு இனம். கனடாவில் 1966 முதல் இருந்த தடையைத் தளர்த்தி, துருநோய் தாக்காத 11 ரகங்களை மட்டும் 2001-ல் அனுமதித்தார்கள். கருஞ்சிவப்பு இலையோடு வேலிக்கு அழகாக இருக்கும், மான் தின்னாது, தண்ணீர் அதிகம் கேட்காது. பழம்? பார்ப்பதற்கு ஜெரெஷ்க் மாதிரியே சிவப்பாகத் தொங்கும், வாயில் போட்டால் சதையே இல்லாமல் வறண்டு, கசப்பு மட்டும் மிஞ்சும். ஒரு தோட்டத்தில் பறித்துக் கடித்தேன், துப்பிவிட்டேன். அடையாளம் காண்பது சுலபம்: சாதாரணப் பார்பெரியின் இலை ஓரம் ரம்பம் மாதிரி பல்பல்லாக இருக்கும், முள் மூன்று கிளையாகப் பிரியும், மஞ்சள் பூக்கள் சரமாகத் தொங்கும். ஜப்பான் வகைக்கு இலை ஓரம் வழவழப்பு, முள் பெரும்பாலும் ஒற்றை, பூ இரண்டு மூன்றாகக் கொத்தில் நிற்கும். (சாதாரணப் பார்பெரி பூத்திருப்பதை எங்காவது பார்த்தால் ஒரு ஊசி நுனியால் மகரந்தத் தண்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சட்டென்று நடுவை நோக்கித் துள்ளும். தொட்டாற்சிணுங்கியைவிட வேகம்.)

அழகுக்காகவாவது ஜப்பான் வகையை வைக்கலாமா? நான் வைக்க மாட்டேன். துருநோய்க்குப் பயந்து சாதாரணப் பார்பெரியை ஒதுக்கி, அதற்குப் பதிலாக வளர்க்கச் சொன்னதுதான் இது, 1875-ல் பாஸ்டனின் அர்னால்ட் தாவரப் பூங்காவுக்கு விதையாக வந்தது. பறவைகள் விதையைக் காட்டுக்குள் பரப்பிவிட்டன. அடர்ந்த புதருக்கடியில் ஈரம் தங்குகிறது, எலிகள் ஒளிய இடம் கிடைக்கிறது, அந்த எலிகளில் தொற்றி லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் உண்ணிகள் அங்கே செழிக்கின்றன. கனெக்டிகட் காடுகளில் ஆராய்ந்தவர்கள், இந்தப் புதர் இல்லாத இடத்தைவிட இருக்கும் இடத்தில் நோயுள்ள உண்ணிகள் பல மடங்கு இருப்பதைக் கண்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2021-ல் இதைத் தீமை தரும் களைப் பட்டியலில் சேர்த்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில் வளரும் ஊசிக்களா பார்பெரியின் சொந்தத் தங்கைதான். முள்ளையும் புளிப்பையும் பார்த்து நம்மவர்கள் அதைக் களாவோடு சேர்த்துப் பெயர் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், தாவரக் குடும்பம் வேறாக இருந்தாலும் நாக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷ்னோ இதற்கு டிங்க்டோரியா, அதாவது சாயம் தருவது என்று பெயரிட்டார், வேரிலும் பட்டையிலும் அவ்வளவு மஞ்சள். பழம் கருநீலம், மேலே திராட்சைக்கு இருப்பது போல் வெள்ளைப் பூச்சு, உள்ளே விதை. புளிப்பு ஜெரெஷ்க்கைவிட மென்மை, லேசான இனிப்பும் உண்டு. விதையால் போலோவுக்கு ஒத்துவராது, நடந்து போகையில் பத்துப் பழம் பறித்துத் தின்ன இதைவிட நல்லது இல்லை. தின்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேரைத் தோண்டினால் செடியே போய்விடும்.

வேர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எடை குறையும், சர்க்கரை குறையும் என்று பெர்பெரின் மாத்திரைகள் இப்போது சக்கைப்போடு போடுகின்றன, அதைப் பார்த்துவிட்டு ஜெரெஷ்க் தின்றாலும் அதே பலன் கிடைக்குமா என்கிறார்கள். பெர்பெரின் என்ற அந்த மஞ்சள் பொருள் நிறைந்திருப்பது பார்பெரியின் வேரிலும் பட்டையிலும், பழுத்த பழத்தில் மிகக் குறைவு. மாத்திரை ஒரு மருந்து, மற்ற மருந்துகளோடு மோதும், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டியது, கைக்குழந்தைகளுக்குக் காமாலையைக் கூட்டி ஆபத்தாக்கும். நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் வேறொரு கொடியின் தண்டு, அதிலும் பெர்பெரின் உண்டு, ஆனால் அது பார்பெரி கிடையாது. சோற்றில் போடும் பழத்தை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

இன்று இரவே விருந்து, வீட்டில் கிரான்பெரி மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள், மேல் சர்க்கரையும் எண்ணெயும் கொஞ்சம் போகும். ஒவ்வொன்றையும் நாலாக நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்க்காமல் வெண்ணெயில் புரட்டுங்கள். சுமாக் இருந்தால் மேலே ஒரு சிட்டிகை. அடுத்த முறைக்கு 100 கிராம் போஃபகி வாங்கி ஃப்ரீஸரில் போட்டுவையுங்கள், ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிதான் செலவாகும்.