கட்டுரை எழுதும் பாடம்: நாளாக ஆக எது மிஞ்சியது?

கட்டுரையும் ஆய்வெழுத்தும் சொல்லித்தரும் கல்லூரிப் பாடம் ஒன்றை 2021-ல் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தேன். விரும்பி எடுத்ததில்லை, கட்டாயப் பாடம். முடித்த அன்று யாராவது கேட்டிருந்தால் பாதி வீண் என்று சொல்லியிருப்பேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் எந்தப் பாதி என்பது இப்போது தலைகீழாகிவிட்டது.

முதல் சில வாரங்கள் கட்டுரையின் அமைப்பு. முன்னுரை, நடுவில் மூன்று பத்தி, முடிவுரை. பள்ளியிலேயே பழகியதுதான் என்று அலட்சியமாக உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்தது தீசிஸ் வாக்கியம். கட்டுரை எதை நிறுவப் போகிறது என்பதை முன்னுரையின் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். ‘மாணவர்களுக்குத் தூக்கம் மிகவும் முக்கியம்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்களா?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார் ஆசிரியை. மறுக்க ஆளே இல்லாத ஒன்றை நிறுவ எட்டுப் பக்கம் எதற்கு? மூன்று முறை மாற்றி எழுதிய பிறகு, ‘கல்லூரியின் முதல் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் மாணவர் வருகை கூடும்’ என்பதில் வந்து நின்றேன். இதை மறுக்கலாம், சோதிக்கலாம்.

அந்த மூன்று பத்தி அச்சுதான் பிற்பாடு தொல்லையானது. காரணம் இரண்டே இருந்தாலும் மூன்றாவதை இட்டுக்கட்டினேன், ஐந்து இருந்தால் நறுக்கிப் போட்டேன். வேலையில் சேர்ந்து அறிக்கைகள் எழுதத் தொடங்கிய பிறகே அந்தப் பழக்கம் விட்டது. அமைப்பு வகுப்புகள் நான்கும் ஒன்றாகச் சுருங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது நான் திட்டித் தீர்த்த பகுதி, குறிப்புரையோடு கூடிய நூற்பட்டியல். பன்னிரண்டு ஆதாரங்கள் தேட வேண்டும். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது, என் கேள்விக்கு எந்த அளவு உதவும் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். கட்டுரை ஒரு வரிகூட எழுதாமல் இரண்டு வாரம் இதிலேயே போனது.

என் தலைப்பில் எங்கே தேடினாலும் ‘காலை 8.30-க்கு முன் வகுப்பு தொடங்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்’ என்ற வரி வந்தது. என் தீசிஸுக்கு அல்வா மாதிரி இருந்தது. குறிப்புரை எழுத வேண்டுமே என்பதற்காக மூலத்தைத் தேடிப் போனேன். அது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கை. அதில் பேசப்படுவது நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி. கல்லூரிக்கான பரிந்துரையே இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதி, வழியில் ‘பள்ளி’ என்ற சொல் எங்கோ உதிர்ந்திருந்தது. நானும் அப்படியே எடுத்துப் போட்டிருப்பேன். ஒரு மேற்கோளைப் பார்த்ததும் ‘சரி, இதை முதலில் சொன்னது யார், யாரைப் பற்றிச் சொன்னார்?’ என்று கேட்கும் பழக்கம் அன்று வந்தது. இன்றுவரை போகவில்லை.

தேடும் முறையும் அதோடு கிடைத்தது. நல்ல ஆய்வுக் கட்டுரை ஒன்று கையில் சிக்கினால், அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பார்த்து முன்னோக்கியும் வரலாம். வெறும் தேடுசொல்லை வைத்துத் துழாவுவதைவிட இது எவ்வளவோ மேல். கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்காமல் சுருக்கம், முடிவு, பிறகு ஆய்வு முறை என்ற வரிசையில் படிப்பதும் அங்கே கற்றதுதான்.

குறிப்பெடுப்பதைப் பற்றி ஒரே ஒரு வகுப்புதான் நடந்தது. இரண்டு மூன்று நடத்தியிருக்க வேண்டும். மூலத்தின் சொற்களை எடுத்தால் அந்த நொடியே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட வேண்டும். நம் சொற்களில் எழுதினால் மூலப் பக்கத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். நமக்குத் தோன்றியதைத் தனியாக, வேறு நிறத்தில் குறிக்க வேண்டும். மூன்றும் கலந்து கிடந்தால் ஒரு மாதம் கழித்து எது யாருடையது என்று நமக்கே தெரியாது. தெரியாமல் நடக்கும் கருத்துத் திருட்டு பெரும்பாலும் இந்த நோட்டுப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது.

மேற்கோள் பாணிகளுக்கு, அதாவது ஆதாரத்தை எந்த வடிவில் குறிப்பிடுவது என்ற விதிகளுக்கு, மட்டும் மூன்று வாரம். எம்.எல்.ஏ. பாணி என்றதும் நமக்கெல்லாம் வெள்ளை வேட்டிதான் கண்முன் வரும். உண்மையில் அது ஆசிரியர் பெயரோடு பக்க எண்ணைக் காட்டும் முறை, இலக்கியத் துறைகளில் அதிகம். ஏ.பி.ஏ. பாணி பெயரோடு ஆண்டைக் காட்டும். உளவியல், கல்வியியல் போன்ற துறைகளில் ஆய்வு எவ்வளவு புதியது என்பது முக்கியம், அதனால் அந்த ஆண்டு. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். போதாக்குறைக்கு, எங்களுக்குக் கொடுத்த தாளில் இருந்தது ஏ.பி.ஏ. விதிக் கையேட்டின் ஆறாம் பதிப்பு. 2019-ல் வந்த ஏழாம் பதிப்பு, பதிப்பகம் இருக்கும் ஊரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஊரை எழுதாததற்கு எனக்கு இரண்டு மதிப்பெண் போனது. இன்னும் எரிச்சல்தான். இப்போது அந்த வேலையை ஸோட்டேரோ என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அது தவறாக எடுத்துக்கொண்ட பெயரையும் ஆண்டையும் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

சக மாணவர் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் வகுப்பு, ‘நல்லா இருக்கு’ என்பதற்கு மேல் போகவில்லை.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபோது, இனி இந்தப் பாடம் எதற்கு என்று எனக்கும் தோன்றியது. அலுவலகத்தில் ஒரு வரைவுக்கு அதனிடம் ஆதாரம் கேட்டேன். ஆசிரியர், இதழ், ஆண்டு, ஆய்வுக் கட்டுரைக்கென்று தரப்படும் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண் எல்லாம் அழகாக வந்தன. பழைய பழக்கத்தில் அந்த எண்களை டி.ஓ.ஐ. தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஐந்தில் இரண்டுக்கு அப்படி ஓர் எண்ணே இல்லை. இன்னொன்று திறந்தது, ஆனால் சம்பந்தமே இல்லாத வேறு கட்டுரை.

சேரலாமா என்று கேட்டால், ஒரு விஷயத்தை விசாரித்துவிட்டுச் சேருங்கள் என்பேன். வரைவை ஆசிரியர் எத்தனை முறை படித்துத் திருப்பித் தருவார் என்று முன்பே படித்தவர்களிடம் கேளுங்கள். எனக்கு முதல் பாதியில் மூன்று முறை கிடைத்தது. கடைசிக் கட்டுரைக்குக் கருத்து வந்தது மதிப்பெண் போட்ட பிறகு. அதை நான் திறந்தே பார்க்கவில்லை.