கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலை: முன்கட்டும் பின்கட்டும்

வெள்ளவத்தையில் ஆட்டோ பிடித்து "மியூசியம்" என்றால் தேசிய நூதனசாலையின் பெரிய வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால்தான் இறக்கிவிடுவார்கள். பேத்திக்குப் பார்க்கவேண்டியிருந்ததோ அதற்குப் பின்னால் இருக்கிற இயற்கை வரலாற்று நூதனசாலை. அவள் முகத்தை நீட்டினாள். எனக்கு வசதியாகப் போய்விட்டது. நாற்பது வருடம் கட்டடப் படம் கீறிச் சீவித்தவன் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கம் போவானா?

முன்கட்டு 1877 ஜனவரி 1இல் திறந்தது. தேசாதிபதி கிரெகரியின் காலம். இத்தாலியப் பாணியில் படம் கீறியவர் ஸ்மிதர். கட்டி எழுப்பியவர் கொழும்பு மேசன்களுக்குப் பெரியவரான வாப்பிச்சி மரிக்கார். என்ன மரியாதை செய்யவேண்டும் என்று தேசாதிபதி கேட்டதற்கு, முஸ்லிம்களின் தொழுகை நாளான வெள்ளிக்கிழமையில் மூடிவைத்தால் போதும் என்றாராம். பட்டம் கேட்டிருக்கலாம், மனிதன்! வளைவுகளுக்குள்ளால் விறாந்தையில் விழும் நிழலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.

முதலில் எல்லாம் அந்த ஒரு வீட்டுக்குள்தான்: சிலை, ஏடு, பாடம் செய்த மிருகம். சாமான் சேரச் சேர இடம் காணாது. வில்லி, பியர்சன் என்று பணிப்பாளர்கள் மாற மாற ஒவ்வொரு பக்கமாக இழுத்துக் கட்டினார்கள். பிறகு வந்த தெரணியகல, குருவிட்டைப் பக்கம் கிடைத்த பற்களை வைத்தே இலங்கையில் அழிந்துபோன சிங்கத்துக்கு 1939இல் பெயர் வைத்தவர். அவர் காலத்திலும் கட்டடம் வளர்ந்தது. ஆனாலும் விலங்குகளுக்கென்று தனி நூதனசாலை திறந்தது 1986இல். 109 வருடக் கூட்டுக் குடித்தனம்!

பின்கட்டில் முன்கட்டின் சோடனையை எதிர்பார்க்கவேண்டாம்.

"அப்பப்பா, ஏன் இந்த வீடு மற்ற வீடு மாதிரி இல்லை?"

"அது ஆக்கள் பார்க்கக் கட்டினது. இது இடம் காணாமல் கட்டினது, குஞ்சு."

அவள் கேட்டமாதிரித் தெரியவில்லை. பாடம் செய்த பறவைகளின் கண்ணாடிக்கு மூக்கை வைத்து, எது கொக்கு எது நாரை என்று எனக்கே வகுப்பெடுத்தாள். நான் நிலைக்கதவின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னப்பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பின்கட்டுக்குப் போங்கள். களைத்தபிறகு முன்வளவு ஆலமரத்தடியில் இருந்து மிச்சத்தைப் பார்க்கலாம். நாங்கள் மாறிச் செய்ததில், திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள்ளேயே என் மடியில் நித்திரையாகிவிட்டாள்.