ஒரே பட்ஜெட்டில் நான்கு சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்கள்: எந்தப் பழுதை உங்களால் தாங்க முடியும்?

பயன்படுத்திய சொகுசு ஸ்போர்ட்ஸ் காரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் நொடிகளையும் வைத்தே கார்களை ஒப்பிடுகிறார்கள். புதிய காருக்கு அந்த அளவுகோல் போதும். பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய காருக்குப் போதாது. இந்தக் கார்களைப் புதிதாக வாங்கியவர்களின் வசதியை மனத்தில் வைத்தே உதிரி பாகங்களின் விலையும் பட்டறைக் கூலியும் வகுக்கப்பட்டன. காரின் சந்தை விலை எவ்வளவு சரிந்தாலும் அவை அதனுடன் சேர்ந்து சரிவதில்லை. யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதுதான் கடினம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும்.

ஆகவே, கையிருப்பு முழுவதையும் கொள்முதலுக்கே செலவிட நினைப்பவர் இந்த அலசலைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுக்கென்று தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதத் தொகையில் எது கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட சர்வீஸ், காலாவதியான டயர்கள், தேய்ந்த பிரேக் டிஸ்க்குகள் எல்லாம் முதல் ஆண்டிலேயே வரிசையாக வந்து நிற்கும். அதன்பின் ஒவ்வொரு காரைப் பற்றியும் மூன்று கேள்விகள் போதும். இந்த மாடலின் மிகப் பெரிய பழுது எது? வாங்குவதற்கு முன்பே அதைக் கண்டறிய முடியுமா? ஒருமுறை சரிசெய்துவிட்டால் அந்தக் கவலை தீருமா?

ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டவை 2004 முதல் 2013 வரையிலான காலத்தில் தயாரான நான்கு கார்கள்: போர்ஷே 911 கரேரா எஸ் (997 தலைமுறையின் முதற்பகுதி), 4.3 லிட்டர் ஆஸ்டன் மார்ட்டின் வி8 வான்டேஜ், 4.2 லிட்டர் ஜாகுவார் எக்ஸ்கேஆர், வி8 எஞ்சின் கொண்ட பிஎம்டபிள்யூ எம்3 கூப்பே. இந்த நான்கையும் எட்டக்கூடிய தொகையைத்தான் இங்கே பட்ஜெட் என்கிறேன். பொதுவாக முதல் இரண்டும் விலையில் மேலேயும், பின்னிரண்டும் சற்றுக் கீழேயும் இருக்கும். அந்த இடைவெளியை, ஜாகுவாரோ எம்3-யோ வாங்குபவருக்குப் பராமரிப்பு நிதியாகக் கிடைக்கும் கூடுதல் தொகையாகவே கருத வேண்டும்.

ஓட்டும் இன்பத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் 911-க்கு நிகர் இல்லை என்பேன். பிஸ்டன்கள் கிடைமட்டமாக எதிரெதிரே இயங்கும் 3.8 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 355 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,420 கிலோ எடை. ஸ்டியரிங் வழியே சாலையின் ஒவ்வொரு நெளிவும் கைக்கு எட்டும். பின்னிருக்கைகள் குழந்தைகளுக்கோ பைகளுக்கோ உதவும். முன்பக்கப் பெட்டியில் வார இறுதிப் பயணத்துக்கான சாமான்கள் அடங்கும். அன்றாடம் ஓட்டினாலும் அலுக்காத கார் இது. ஆனால், மேற்சொன்ன மூன்று கேள்விகளில்தான் இது தடுமாறுகிறது. இதற்கு முந்தைய 996 தலைமுறையில் பெரிதும் பேசப்பட்ட, எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங்கின் கோளாறு, 997-இன் தொடக்கக் கார்களுக்குப் பிறகு பெரிய பேரிங் பொருத்தப்பட்டதால் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதைவிடக் கவலைக்குரியது சிலிண்டர் சுவரில் விழும் கீறல். பிஸ்டனின் பக்கவாட்டுப் பூச்சு தேய்ந்து, பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் நேரடியாக உரசத் தொடங்கும்போது சுவரில் செங்குத்தான கோடுகள் விழுகின்றன. எஞ்சின் ஆயில் அதிகம் குடிக்கும், குளிர்ந்த நிலையில் டிக் டிக் என்று தட்டும் ஒலி கேட்கும், இரண்டு பக்கப் புகைக்குழாய்களில் ஒன்று மட்டும் கரி படிந்து காணப்படும். இந்த நிலைக்கு வந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவு, காருக்குக் கொடுத்த விலையில் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

ஆறுதலான செய்தி, இதை முன்கூட்டியே பார்க்க முடியும் என்பதுதான். ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவைச் செலுத்தி ஆறு சிலிண்டர்களையும் பரிசோதிக்கலாம்; அடிப்பக்க ஆயில் தொட்டியைக் கழற்றிக் கீழிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கூடவே, எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும் மிகைச்சுழற்சிக் கணக்கையும் (எஞ்சின் தன் எல்லைக்கு மேல் சுழன்ற தடவைகள்) வாங்கிப் பார்க்க வேண்டும். போர்ஷே அதை ஆறு அடுக்குகளாகப் பிரித்துச் சேமிக்கிறது. மேல் அடுக்குகளில் பதிவுகள் இருந்தால், யாரோ அதிவேகத்தில் தவறான கீழ்க்கியருக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த இரண்டு சோதனைகளுக்கும் விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், கார் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சோதனையில் தேறிய எஞ்சினும் என்றென்றைக்கும் தப்பித்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்பதே இந்தக் காரின் உண்மையான குறை.

வான்டேஜின் கதை வேறு. 2005-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரைப் பார்த்த மாத்திரத்திலேயே மனம் பறிபோவது இயல்பு; இருபது ஆண்டுகள் கடந்தும் அதன் தோற்றத்தில் முதுமை தெரியவில்லை. எஞ்சின் 4.3 லிட்டர் வி8, 380 குதிரைத்திறன். இதன் மூலம் ஜாகுவாரின் வி8 வடிவமைப்பே. ஆனால் ஆஸ்டன் மார்ட்டின் அதில் பெரிய மாறுதல்களைச் செய்து, ஆயிலை எஞ்சினுக்கு அடியில் வைக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் அமைப்பைப் பொருத்தி, எஞ்சினை மிகத் தாழ்வாக உட்காரவைத்தது. கியர்பாக்ஸ் பின்சக்கரங்களுக்கு நடுவே இருப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிகிறது. முறையாகப் பராமரிக்கப்பட்டால் எஞ்சின் உறுதியானது. முன்பகுதி மூடியருகே ஆயில் கசிவது பரவலான புகார் என்றாலும், அது காரையே முடக்கும் பழுதன்று.

பணத்தைக் கேட்பது கிளட்ச். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், இரண்டையும் ஒரு நீண்ட குழாய் இணைக்கிறது என்பதால், கிளட்சை மாற்றப் புகைக்குழாய் அமைப்பில் தொடங்கிக் காரின் அடிப்பகுதியில் பாதியைக் கழற்ற வேண்டியிருக்கும். பாகத்தின் விலையோடு கூலியும் சேர்ந்து மலைக்க வைக்கும். ஸ்போர்ட்ஷிப்ட் எனப்படும் வகையில் கிளட்ச் பெடல் இல்லாவிட்டாலும், உள்ளே இருப்பது அதே ஒற்றைக் கிளட்ச்தான். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும், சரிவில் பின்னோக்கி ஏற்றி நிறுத்துவதும் அதைச் சீக்கிரமே தேய்த்துவிடும். ஆகவே, இந்த விலையில் வான்டேஜ் வாங்குபவர் சாதாரண ஆறு கியர் மேனுவலையே தேட வேண்டும் என்பது என் திடமான கருத்து. அலுமினியப் பலகைகளில் கதவுக் கைப்பிடி, விளிம்புகள் ஆகிய இடங்களில் பெயிண்ட் குமிழ்விட்டு எழும்புவதையும் கவனியுங்கள். சாலையில் உப்புத் தூவும் குளிர்ப் பகுதிகளில் ஓடிய காரென்றால் அடிச்சட்டத்தில் துரு பிடித்திருக்கிறதா என்று லிப்டில் ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். இவற்றில் எதுவும் மறைந்திருந்து தாக்கும் பழுதன்று. கிளட்ச் எப்போது மாற்றப்பட்டது என்று பில் சொல்லும், பெயிண்ட்டைக் கண்ணே சொல்லும். 2008-இல் வந்த 4.7 லிட்டர், 420 குதிரைத்திறன் பதிப்பு எல்லா வகையிலும் மேலானது. ஆனால் அது பெரும்பாலும் இந்த பட்ஜெட்டைத் தாண்டிவிடும்.

அதே வி8 குடும்பத்தின் இன்னொரு பிள்ளை எக்ஸ்கேஆர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரின் துணையோடு ஏறத்தாழ 420 குதிரைத்திறன், அலுமினிய உடல், இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக். வான்டேஜை விட விலை கணிசமாகக் குறைவு. குளிர்நீர்க் குழாய்களின் பிளாஸ்டிக் இணைப்புகள் காலப்போக்கில் நொறுங்கும், முன் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் தேயும், சூப்பர்சார்ஜரின் முன்முனையில் உள்ள இணைப்பான் தேய்ந்து கரகரக்கும். இவை எல்லாமே திறமையான எந்த மெக்கானிக்கும் சரிசெய்யக்கூடியவை. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுள் முழுவதும் மாற்றம் தேவையில்லை என்று கார் நிறுவனம் சொன்னதை நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அந்த ஒரு பில் இருக்கிறதா என்று கேட்டாலே முந்தைய உரிமையாளரின் அக்கறை புரிந்துவிடும். 2009-இல் வந்த 5.0 லிட்டர் பதிப்பின் 510 குதிரைத்திறன் ஆசையைத் தூண்டினாலும், அதன் தொடக்க ஆண்டுக் கார்களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் தேய்மானம் அறியப்பட்ட பிரச்சினை. அமைதியை விரும்புபவருக்கு 4.2 லிட்டரே சிறந்தது. நெடுந்தூரம் களைப்பின்றிப் போக இதுவே சிறந்த கார். வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் 911 தரும் துடிப்பை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எம்3-யின் 4.0 லிட்டர் வி8 ஒரு தனிப் பிறவி. 420 குதிரைத்திறனை அது நிமிடத்துக்கு 8,300 சுழற்சியில் எட்டுகிறது, எல்லை 8,400. டர்போ இல்லாமல் இவ்வளவு உயரத்துக்குப் பாடிச் செல்லும் வி8-ஐ அடுத்த எம்3 தலைமுறையில் பிஎம்டபிள்யூ கைவிட்டுவிட்டது என்பதே இதை விரும்புவதற்குப் போதுமான காரணம். நான்கு பெரியவர்கள் உட்காரலாம், டிக்கி பெரியது. ஆனால் பிஸ்டன்களை கிராங்க் ஷாஃப்ட் எனும் முதன்மைத் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராட்களின் பேரிங்குகளுக்கும் அந்தத் தண்டுக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி மிகக் குறுகலானது என்பது இந்த எஞ்சினை அறிந்தவர்களிடையே பரவலான கருத்து. எஞ்சின் சூடேறும் முன் விரட்டினால், கெட்டியான 10W-60 ஆயில் அங்கே போதுமான அளவு பரவுவதற்குள் பேரிங் தேய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்து இதை உறுதியாகக் கண்டறிய வழியில்லை. ஆயிலை ஆய்வகத்தில் சோதித்தால் குறிப்பு கிடைக்கலாம், அவ்வளவே.

இரண்டாம் கேள்வியில் தோற்கும் எம்3, மூன்றாம் கேள்வியில் 911-ஐ முந்திவிடுகிறது. எஞ்சினை வெளியே இறக்காமலே, அடிப்பக்க ஆயில் தொட்டியைக் கழற்றிப் பேரிங்குகளை முன்னெச்சரிக்கையாக மாற்றிவிடலாம். அதற்கான செலவு முன்கூட்டியே தெரிந்த, எல்லைக்குட்பட்ட தொகை. கூடவே, எஞ்சினுக்குள் காற்றை விடும் மடல்களை இயக்கும் த்ராட்டில் ஆக்சுவேட்டர்கள் இரண்டும் பழுதாகலாம் என்று எதிர்பார்த்துத் தொகை ஒதுக்கி வைத்துக்கொண்டால், இந்த எஞ்சினின் பெரிய கவலைகள் ஏறக்குறைய அடங்கிவிடும். பேரிங் மாற்றப்பட்டு, கழற்றிய பழைய பேரிங்குகளின் புகைப்படமும் பில்லும் வைத்திருக்கும் உரிமையாளருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பட்டியலில் இடம்பெறாத சிலவற்றைப் பற்றி இரண்டு வரிகள். மெர்சிடிஸ் எஸ்எல்55 ஏஎம்ஜி இந்த விலைக்குள் எளிதாகவே கிடைக்கும். ஆனால் அதன் சஸ்பென்ஷனும் மடியும் கூரையும் ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்குபவை. வயதான காரில் ஒரு கசிவை அடைத்தால் இன்னொன்று திறக்கும். ஆடி ஆர்8 பெரும்பாலும் இந்த வரம்புக்கு மேல் நிற்கும். வரம்புக்குள் வரும் ஆர்8-ஐச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும்.

எந்தக் காராக இருந்தாலும், பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், முதல் ஸ்டார்ட்டின் ஒலியை உங்களிடமிருந்து மறைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். குறைந்த கிலோமீட்டர் ஓடிய காரில் பத்தாண்டுப் பழைய டயர்கள் இருந்தால், அது ஓட்டப்படாமல் நின்றே கிடந்த கார். ரப்பர் குழாய்களும் சீல்களும் நின்ற இடத்திலேயே வறண்டு கெடும் என்பதால், ஆண்டுதோறும் அளவாக ஓடி ஒழுங்காக சர்வீஸ் செய்யப்பட்ட கார், கிலோமீட்டர் அதிகமானாலும் அதைவிட மேலானது.

என் தேர்வைக் கேட்டால், இந்த நான்கில் எம்3-யையே முதலில் வைப்பேன். பேரிங் வேலைக்கான தொகையை ஒதுக்கிய பிறகும் பட்ஜெட்டில் மூச்சு விட இடமிருக்கிறது. நெடுஞ்சாலைப் பயணமே முக்கியம் என்பவருக்கு எக்ஸ்கேஆர். அழகுக்காகவே ஒரு காரை வைத்துக்கொள்ள விரும்பி, ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவருக்குச் சமீபத்தில் கிளட்ச் மாற்றப்பட்ட மேனுவல் வான்டேஜ். 911 தவிர வேறெதிலும் மனம் நிலைக்காதவர், 3.8 லிட்டர் கரேரா எஸ்-ஐ விட்டுவிட்டு, 2008-இன் பிற்பகுதியில் வந்த 997-இன் இரண்டாம் பகுதியில் 3.6 லிட்டர் சாதாரண கரேராவைத் தேட வேண்டும். ஐஎம்எஸ் தண்டையே நீக்கிப் புதிதாக வடிவமைக்கப்பட்ட எஞ்சின் அதில் இருக்கிறது, 345 குதிரைத்திறன் கொண்டது. அதன் விலை எட்டவில்லை என்றால், அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 3.4 லிட்டர், 320 குதிரைத்திறன் கொண்ட 2009-க்குப் பிந்தைய கேமன் எஸ் இருக்கிறது. இரண்டே இருக்கைகள் போதும் என்பவர், கீறல் விழக்கூடிய பழைய 911-ஐ வாங்குவதைவிட அந்த கேமனை வாங்குவதே மேல்.