எங்கள் கார் ஷெட் ஷட்டர்: 11 வருஷத்தில் எண்ணெய் பற்றித் தெரிந்துகொண்டது

வேலூர் சத்துவாச்சாரியில் வீடு கட்டி முடித்தது 2014ல். அப்போதே கார் ஷெட்டுக்கு ரோலிங் ஷட்டர் போட்டுவிட்டோம். 10 அடி அகலம், 8 அடி உயரம், கையால் தூக்கி இறக்குவது. வாசல் மேற்குப் பார்த்தது. நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி, விடிகாலையில்தான் வீட்டுக்கு வருவேன். மாமனாருக்கு இதயக் கோளாறு, தூக்கமும் லேசு. ஒருநாள் நான் ஷட்டரை ஏற்றி இறக்கிவிட்டு உள்ளே போனபோது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னாலும் சும்மா விட்டுவைக்கவில்லை. மெக்கானிக் கடையிலிருந்து என் கணவர் வேஸ்ட் ஆயில் வாங்கி வருவார். ஷட்டரின் இரும்புப் பட்டைகள் ஏறி இறங்கும் இரண்டு பக்கச் சேனலிலும் மேலிருந்து ஊற்றுவோம். ஒரு வாரம் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் பழையதைவிட மோசமாகிவிடும். ஒரு மார்கழியில் வேஸ்ட் ஆயில் கிடைக்கவில்லை என்று மாமியார் தேங்காய் எண்ணெய் தடவினார். 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், வேலூரில் மார்கழி இரவுகள் அதைவிடக் குளிர். விடிகாலையில் ஷட்டரைத் தூக்கவே முடியவில்லை.

2018 மே மாதம், கத்திரி வெயில். டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் ஷட்டர் பாதியில் இறுகி நின்றுவிட்டது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. ஷட்டர் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்தார். சேனலுக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டுச் சுரண்டியதும் கறுப்பாக, அரைத்த எள்ளு மாதிரி மண் வந்துகொண்டே இருந்தது. இரண்டு கைப்பிடி தேறும்.

“ஆயில் ஊத்த ஊத்த மண்ணு வந்து ஒட்டிக்குதுக்கா. பட்டை போற வழி எங்க கீது, நீங்களே பாருங்க” என்றார்.

“அப்ப என்னதான் தம்பி போடுறது?”

“சேனல்ல ஒண்ணும் ஊத்தாதீங்க. தொடச்சு வைங்க, போதும்.”

பைபாஸில் ஜல்லி லாரிகள் ஓயாமல் போகிற ஊர் இது. சேனலில் எண்ணெய் இருந்தால் அந்தப் புழுதி முழுவதும் அதில்தான் குடியேறும். வெயிலில்தான் ஏன் இறுகுகிறது என்று அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும். எங்கள் பட்டை சுமார் 3 மீட்டர். விடிகாலைக்கும் மேற்கு வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலும் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். சேனல் சுத்தமாக இருந்தால் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. சேனலுக்குள் மண் கெட்டியாகிக் கிடந்தால் அந்த ஒரு மில்லிமீட்டரே முட்டிக்கொண்டு நிற்கும்.

அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை பராமரிப்பு. பங்குனியில் வெயில் ஏறுவதற்கு முன் ஒன்று, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒன்று. ஆயுத பூஜை முடிந்தால் ஐப்பசி மழைதான், அதனால் நாள் சரியாக அமைந்துவிடுகிறது. தெருவில் பலரும் அன்றைக்கு ஹோஸ் பைப்பால் ஷட்டரைக் கழுவி விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் பட்டைகளின் மடிப்புக்குள் போய்த் தங்கி உள்ளிருந்து துருவேற்றும். ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பொட்டு வைத்தால் போதும்.

சேனலுக்குப் பழைய பெயின்ட் பிரஷ். மேலிருந்து கீழே புழுதியைத் தள்ளிவிட்டு, மண்ணெண்ணெய் தொட்ட துணியைக் குச்சியில் சுற்றித் துடைப்பேன். பிறகு சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் உள்பக்கம் ஒரு பூச்சு. ஸ்பிரே காய்ந்தபின் கையில் பிசுபிசுப்பு இருக்காது, மண்ணும் ஒட்டாது. ஒரு டப்பா எங்களுக்கு இரண்டு வருஷம் வருகிறது. அது கிடைக்காதவர்கள் வெள்ளை மெழுகுவர்த்தியைச் சேனலின் உள்ஓரத்தில் அழுத்தித் தேய்க்கலாம். நான் ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

டபிள்யூடி-40 ஸ்பிரே பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தப் பெயரில் உள்ள இரண்டு எழுத்துக்கும் பொருள் தண்ணீரை விலக்குவது என்பதுதான். துருவில் பிடித்துக்கொண்ட போல்ட்டை இளக்கவும், பழைய பிசுக்கைக் கரைக்கவும் அருமையான சரக்கு. ஆனால் அதை அடித்துவிட்டு அதுவே வருஷம் முழுக்க மசகாக நிற்கும் என்று இருந்துவிடக் கூடாது.

கிரீஸ் வேண்டிய இடம் மேலே இருக்கிறது. பட்டைகள் சுருண்டு ஏறும் பைப்பின் இரண்டு முனைகள், பேரிங் இருந்தால் பேரிங். அங்கே ஏபி3 கிரீஸ், விரல் நுனி அளவு. எங்கள் வீட்டுச் சத்தத்தில் பாதி அங்கிருந்துதான் வந்தது, நாங்கள் நான்கு வருஷம் கீழே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தோம். பூட்டுக்கு எண்ணெயே வேண்டாம். பென்சில் கரியைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து நாலு தடவை திறந்து மூடினால் இளகிவிடும்.

ஷட்டரைத் தூக்க உதவும் ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கை வைக்காதீர்கள். முறுக்கேறி நிற்கும் ஸ்பிரிங் விட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விரல் நசுங்கி அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் பார்த்திருக்கிறேன். நாம் செய்யக்கூடியது ஒரு சோதனைதான். ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மெதுவாகக் கையை எடுங்கள், கால் மட்டும் அடியில் இருக்கக் கூடாது. அங்கேயே நின்றால் நல்லது. சரிந்து இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, தானாக மேலே ஓடினால் முறுக்கு அதிகம். எங்களுடையது ஏழாவது வருஷம் சரிய ஆரம்பித்தது, ஆள் வைத்து ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினோம்.

பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போன 2021 நவம்பரில், வாசலில் தேங்கிய மழைத்தண்ணீர் ஷட்டரின் அடித்தகட்டைப் பல நாள் நனைத்துக்கொண்டே இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்தால் அடிவிளிம்பு செதில் செதிலாக உரிந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் இரண்டு கோட். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் பிறகு அந்த விளிம்பை ஒரு துணியால் துடைத்துவிடுகிறேன். வாசலில் சரிவையும் சிமென்ட் வைத்துத் திருத்தினோம். அதை வீடு கட்டும்போதே பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. ஆவணி மாதத்துச் சாயங்கால இடிமழைக்கு முன்னால் வரும் மேல்காற்றில் பட்டைகள் கடகடவென்று ஆடுகின்றன. பட்டை முனைகளில் கிளிப் வைத்தால் குறையும் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார், இந்த ஆயுத பூஜைக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். விடிகாலைச் சத்தம் அடங்கிவிட்டது. நான் வந்து வண்டியை விட்டு, கைகால் கழுவி, காபி போட்டுக்கொண்டு போய் எழுப்பினால்தான் மாமனார் கண் விழிக்கிறார்.