பிரசவ வார்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள்

பிரசவத்துக்குச் சேரப்போகிறவர்களும் துணைக்குப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குத் திடீரென்று சிசேரியன் என்றார்கள். என்னை உள்ளே கொண்டுபோன பிறகு, வாசலில் நின்ற அத்தையிடம் நர்ஸ் நாலைந்து தாள்களை நீட்டியிருக்கிறார். "சீக்கிரம் போடும்மா, குழந்தைக்கு ஆபத்து." எல்லாம் ஆங்கிலம். என் மாமியாருக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுதத் தெரியும். காட்டிய இடத்திலெல்லாம் எழுத்துக்கூட்டிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து, இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தும் கரு நிற்கவில்லையே என்று வேறொரு டாக்டரிடம் போனேன். பழைய டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டார். பீரோவில் தடுப்பூசி அட்டையோடு பத்திரமாக வைத்திருந்த அதே தாள். பார்த்தவுடன் நிமிர்ந்தார். "உங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்காங்களேம்மா, தெரியாதா?"

போய்க் கேட்டதற்கு, "உங்க மாமியார்தானே கையெழுத்துப் போட்டாங்க? ரெண்டு பிள்ளைதான் இருக்கே, அப்புறம் என்ன?" என்றார்கள். அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் அவரைக் குற்றம் சொல்லவே மாட்டேன்.

அந்தக் கையெழுத்து செல்லாது. உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய சிகிச்சை என்றால் ஒழிய, வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை வேறு யாரும் தர முடியாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் மயக்கத்தில் இருந்தவருக்காகக் கையெழுத்துப் போட்டது பெற்ற தாய். அதுவே செல்லவில்லை. 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கிலும், கு.க. ஆபரேஷனைப் பற்றிப் புரிகிற மொழியில் விளக்கி, மனம் மாறினால் மாற்றிக்கொள்ள சுமார் ஒரு மணி நேரம் கொடுக்கச் சொன்னது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்றால், நடந்த ஒரு வருடத்துக்குள் கொடுத்திருக்க வேண்டுமாம். எனக்குத் தெரியவே இரண்டு வருடம் ஆயிற்று. அதனால் டிஸ்சார்ஜ் தாளை வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே, ஆங்கிலம் தெரிந்தவரிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புத் தாள்கள்) நகலை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி.

என் தங்கைக்கு இப்போது எட்டாவது மாதம். "எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் வேண்டாம்" என்று அவள் கையாலேயே செக்கப் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன்.